மஞ்சள் வைக்காமல் போன சட்டைகள்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பனியன் கம்பெனியில் போன மாதம் ஒரு புது மெஷின் இறங்கியிருக்கிறது. தைத்து முடித்த சட்டையை அதன் அடியில் விரித்தால், கேமரா பார்த்து, எங்கே பிசிறு நிற்கிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று திரையில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, நம்ம கம்பெனி சட்டை ராக்கெட்ல போச்சாமுங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார்கள். நிஜம்தான் என்றேன். "அப்ப ஒரு சாம்பிள் காட்டுங்கக்கா" என்றார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காட்ட ஒன்றுகூடக் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்ல ஆரம்பித்தால் டீ பிரேக் போதாது. ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதுகிறேன்.

என் கதை சின்னது. கல்யாணமான கையோடு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தேன். பிசிறு வெட்டினேன், செக்கிங் பார்த்தேன், கடைசியில் சாம்பிள் பிரிவுக்குப் பொறுப்பாக உட்கார்ந்தேன். பிசிறு என்றால் தையல் முடிகிற இடத்தில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனை. அதை வெட்டுவதற்கென்றே ஒவ்வொரு கம்பெனியிலும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள், சீக்கிரம் தப்பித்துப் போய்விட வேண்டும் என்றும் நினைப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்தவள் விட்ட பிசிறைக் கண்டுபிடிக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும். என் வீட்டுக்காரர் இதை 'மாமியார் புத்தி' என்பார். இருக்கட்டும், அந்தப் புத்திதான் சோறு போட்டது.

எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் கபூர் பாய். பூர்வீகமாகத் தாராபுரத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் ரெண்டு 'ங்க' கூடுதலாக விழும், அவ்வளவுதான். 'இது என்னுங்க செல்விம்மா, இப்படி இருக்குதுங்களேங்க' என்றால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். எந்தச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் முன்பக்கம் பார்க்கமாட்டார். முதலில் உள்பக்கம் திருப்புவார். தோள், கை, பக்கவாட்டு, அடிமடிப்பு என்று விரல் ஒரே வரிசையில்தான் போகும். அது முடிந்த பிறகு இன்னொன்று செய்வார். புதுச் சாம்பிள் எதுவானாலும் தன் அளவில் ஒன்று தைக்கச் சொல்லி, வெள்ளைச் சட்டைக்கு உள்ளே ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொள்வார். தொழுகையில் குனிந்து நிமிரும்போது தோள் தையல் உறுத்துகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். மறுநாள் வந்து, "கண்ணு, எடது பக்கம் கொஞ்சம் பேசுதுங்க" என்பார். பேசுகிறது என்றால் உறுத்துகிறது. பிரித்துப் பார்த்தால் அங்கே தையல் ஒரு நூல் தடித்திருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த ஆர்டர் வந்தது. நாலு வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த நாலு பேர், பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்துக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு கொஞ்ச நாள் தங்கி, ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பப்போகிறார்கள். அங்கே உள்ளே போட்டுக்கொள்ளக் காட்டன் டீசர்ட்டுகள் வேண்டும். எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பியப் பையர் மூலமாக வந்த வேலை. எண்ணிக்கை ரொம்பக் குறைவு, நிபந்தனைகளோ ஏராளம். எங்கள் முதலாளி லாபத்துக்காக எடுக்கவில்லை. பெயருக்காக எடுத்தார். வாசலில் பெரிய படம் மாட்ட இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

பாய் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். அங்கே தண்ணீர் அருமை. துணி துவைக்க மாட்டார்கள். ஒரு சட்டையைப் பல நாள் போடுவார்கள், பிறகு குப்பையோடு சேர்த்துவிடுவார்கள். அந்தக் குப்பை வண்டி பூமிக்கு இறங்கும்போது காற்றிலேயே எரிந்துபோகும். "அடப்பாவமே, எரிக்கிறதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று என் வாயில் வந்துவிட்டது. பாய் சிரித்தார். "நம்ம கல்யாணப் பொடவை பீரோக்குள்ளாறயே கெடக்குதுங்க. அதுக்குப் பாடு இல்லீங்களா?" என்றார்.

முதல் சாம்பிளில் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். திருப்பூரில் யார் துணி வெட்டினாலும் ரெண்டு விரல் நீளம் கூட்டித்தான் வெட்டுவார்கள். முதல் துவையலில் பனியன் துணி சுருங்கும், அதற்காக. எங்கள் கட்டிங் மாஸ்டரும் அப்படியே வெட்டிவிட்டார். பையரின் தரப் பரிசோதகர் மார்த்தா என்ற அம்மா, அளந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். பாய் மாஸ்டரிடம் கேட்டார்: "மாஸ்டர், தொவைக்க மாட்டாங்கன்னு நான் சொன்னனுங்களே?"

"சொன்னீங்க பாய். நான் நம்பலீங்க" என்றார் மாஸ்டர். "தொவைக்காம எந்த மனுசன் துணி போடுவானுங்க?"

பாய்க்கே அது உண்மையா என்று பார்க்கத் தோன்றிவிட்டது. அடுத்த சாம்பிளைப் போட்டவர், அந்த வெயில் காலத்தில், கழற்றவே இல்லை. தினமும் உள்ளே அதே சட்டை. சில நாள் கழித்து, "எங்கூட்டுல எனக்குத் தட்டத்தத் தள்ளி வெச்சுட்டாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் கழுத்துப் பட்டி தொங்கவில்லை, தையல் எங்கும் பேசவில்லை. அன்றைக்குத்தான் சாம்பிளுக்குச் சரி சொன்னார்.

உண்மையான தலைவலி பிசிறும் பஞ்சும். எடையில்லாத இடத்தில் நூல் துணுக்கு கீழே விழாது. மிதக்கும். கண்ணில் போகும், மூக்கில் போகும், காற்றுச் சுத்தம் செய்யும் கருவியில் போய் அடைக்கும். பஞ்சே உதிரக்கூடாது என்றார் மார்த்தா. திருப்பூரில் இருந்துகொண்டு பஞ்சு கூடாதென்றால் எப்படி? எங்கள் தலைமுடி, சோற்று டப்பா, செருப்பு எல்லாவற்றிலும் பஞ்சுதான். வெள்ளைத் துணி தைத்தால் பக்கத்து லைனில் ஓடுகிற சிவப்புத் துணியின் பஞ்சு அதில் ஒட்டும். பாய் அலைந்து திரிந்து, தாராபுரத்தில் மூடிக் கிடந்த ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியை வாடகைக்குப் பிடித்தார். ஆபரேஷன் நடந்த அறையைக் கழுவி, நாலைந்து மெஷினைத் துடைத்து உள்ளே போட்டோம். தினமும் கம்பெனி வேனில் போய் வந்தோம்.

உள்ளே போக என்னென்ன கூடாது என்று பாய் கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பூ கூடாது. பவுடர் கூடாது. குங்குமம் கூடாது, ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்ளலாம். காட்டன் சேலை கூடாது, நைலக்ஸ் கட்டி வரவேண்டும். தலைக்குத் தொப்பி, கைக்கு வெள்ளை உறை. "எங்கள ஆபரேசன் பண்ணவா கூட்டிட்டுப் போறீக?" என்று கேட்டாள் பேச்சி. எல்லாரும் சிரித்தோம்.

பேச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திசையன்விளைப் பக்கத்துக்காரி, என் ஊருக்கு அருகில்தான். தோலில் உறுத்தாமல் தட்டையாகப் போடும் பிளாட்லாக் தையலில் அவளை மிஞ்சின கை எங்கள் கம்பெனியில் இல்லை. மெஷின் அவளுக்குக் கட்டுப்பட்டு ஓடும். வாயும் ஓடும். புருஷன் விட்டுப் போனவள், ஒரு மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம்.

எல்லாச் சட்டையும் தைத்து முடிந்தது. மறுநாள் காலை மார்த்தா வந்து கடைசிப் பரிசோதனை செய்து, பெட்டி கோயம்புத்தூர் விமானத்துக்குப் போகவேண்டும். அன்று பகலில் நான் கடைசி செக்கிங்கில் நின்றேன். பாய் சொல்லிக் கொடுத்த வரிசைதான். உள்பக்கம் திருப்பி, தோள், கை, பக்கவாட்டு. அடிமடிப்பை விரலால் தடவினேன். வெள்ளை உறையின் நுனியில் மஞ்சளாக ஒன்று ஒட்டியது.

கருநீலத் துணி, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. மடிப்பை விலக்கிப் பார்த்தேன். உள்ளே எள்ளளவுக்கு மஞ்சள். அடுத்த சட்டையை எடுத்தேன், அதிலும் அதே மூலையில் அதே பொட்டு. இன்னொன்று, இன்னொன்று. ஒன்று பாக்கியில்லை. புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்தக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். பண்டிகைக்கு எடுத்த சட்டையில் அம்மா வைத்த மஞ்சளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாய் சொன்ன கூடாதுகளில் பூ இருந்தது, பவுடர் இருந்தது. மஞ்சளைச் சேர்க்க அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எப்படித் தோன்றும்?

நேராகப் பேச்சியிடம் போனேன். "ஏட்டி, என்னட்டி செஞ்சு வச்சிருக்க?"

அவள் மறைக்கவில்லை. சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்துக் காட்டினாள். "நாந்தான் வச்சேன்க்கா. டவுணுக்குப் போற புள்ளைக்கே மஞ்ச வைக்காமப் புதுசு குடுக்க மாட்டோம். இவிய போறது எங்கனன்னு யோசிச்சுப் பாரு. காத்துகூட இல்லாத எடமாம். எந்தப் பொம்பள இவியளுக்கு வச்சு அனுப்பப் போறா?"

"மூதி, அந்தப் பொடி அங்க மெதந்து கண்ணுல விழுந்தா என்னட்டி செய்வாவ?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. "அது தெரியலயேக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "என்னைய நிறுத்திருவாவளா?" என்று கேட்டாள். நிறுத்தத்தான் செய்வார்கள். பையரின் சரக்கைக் கெடுத்தவள் என்று பேச்சுப் பரவினால் வேறு கம்பெனியிலும் எடுக்கமாட்டார்கள். அவளைத் திட்டவும் செய்தேன், எனக்கு அழுகையும் வந்தது.

அந்த நிமிஷமே போய்ப் பாயிடம் சொன்னேன். முதலாளியும் அங்கேதான் இருந்தார். பாய் ஒரு சட்டையை வாங்கி, மடிப்பை விலக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இத்துனூண்டுதானுங்களே. மடிப்புக்குள்ளாற இருக்குது. அந்தம்மா பிரிச்சா பாக்கப் போறாங்க? பேசாம பேக் பண்ணுங்க பாய்" என்றார்.

"வேண்டாமுங்க மொதலாளி."

"ஏனுங்க, தானாப் போயி மாட்டோணுமுங்களா?"

"மேல போறவங்க அடைச்ச பொட்டிக்குள்ளாற இருக்கறாங்க. ஒரே காத்தைத்தானுங்க எல்லாரும் சுவாசிக்கோணும். அதுல நம்ம பொடி இருக்கக் கூடாதுங்க. நான் மார்த்தாவுக்குப் போன் பண்ணிச் சொல்லீர்றனுங்க." 'ங்க' கூடிக்கொண்டே போனது. முதலாளிக்குப் புரிந்துவிட்டது, இதில் இந்த மனுஷன் அசையமாட்டார் என்று.

அந்தக் கோபம் பேச்சிமேல் திரும்பியது. "அப்ப அந்தப் பொம்பளைய மொதல்ல வெளிய அனுப்புங்க."

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அவ போனா பின்னாடியே நானும் போயிருவேன் மொதலாளி" என்றேன்.

"ஏனுங்க செல்விம்மா, மெரட்டறீங்களா?"

"இல்லீங்க. சொல்லுதேன்." எங்கள் ஊர்ப் பேச்சும் இந்த ஊர் 'ங்க'வும் கலந்துதான் என் வாயில் வரும், பயந்தால் இன்னும் கலக்கும்.

பாய் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்தார். "அவுங்க கெட்ட எண்ணத்துல செய்யலீங்க. கூடாதுன்னு நாந்தான் சொல்லாம உட்டுட்டனுங்க. அதுவுமில்லாம, அவுங்கள அனுப்பீட்டா மறுபடி தைக்கறது ஆருங்க?" என்றார். முதலாளி வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்த்தா போனில் முதலில் எத்தனை சட்டை என்று கேட்டாராம். பிறகு, ஒரே ஒரு நாள் தள்ளித் தருகிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை, மஞ்சள் பட்டவை ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, எல்லாவற்றையும் வெட்டிப் போடவேண்டும் என்று சொன்னார். நல்லவேளை, அதே லாட்டில் பஞ்சு உதிராமல் பக்குவம் செய்த துணிச் சுருள் ஒன்று எடுத்து வைத்திருந்தோம். மாஸ்டர் வெட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை ரெண்டு விரல் கூட்டவில்லை.

வெட்டிப் போடும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று பாய் தயங்கி நின்றார். பேச்சி வந்து கத்தரியை எடுத்துக்கொண்டாள். தான் தைத்த சட்டை ஒவ்வொன்றையும் நடுவே கிழித்தாள். எப்போதும் ஓடுகிற அந்த வாய் அன்றைக்கு மூடியிருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் முந்தியிலிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். நான் அதை வெளியே கொண்டுபோய் என் டிபன் டப்பாவில் போட்டேன். அவள் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சேலை மாற்றி, புது உறை மாட்டி, மெஷினில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் தைத்த தையலைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நூல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்லமுடியாது. மறுநாளும் தைத்தாள். துண்டுகளை ஓரம் அடித்து இணைக்கும் ஓவர்லாக் மெஷினில் மற்றவர்கள் தைத்துக் கொடுத்தார்கள், அவள் முடித்துக் கொடுத்தாள், நான் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். என் மாமியார் புத்திக்கு அன்று வேலையே இல்லை. ஒரு பிசிறுகூடக் கிடைக்கவில்லை. பெருமையாகச் சொல்கிறேன், என் வேலையில் நான் தோற்றுப்போய் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான்.

சொன்னபடி மார்த்தா வந்தார். உயரமான அம்மா, சிரிப்பு குறைவு. ஒரு சட்டையை எடுத்தார். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை, உள்பக்கம் திருப்பினார். ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு அடிமடிப்பையும் விரித்துப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. முதலாளி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்தம்மா பிரித்துத்தான் பார்த்தார் என்பது அவருக்கும் புரிந்தது. கடைசிச் சட்டையை வைத்துவிட்டு மார்த்தா தலையை ஆட்டினார். சரி.

சட்டைகளை உறையில் போட்டு ஒட்டி, அதை இன்னொரு உறையில் போட்டு ஒட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்கி மூடினோம். எல்லாரும் கலகலவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சி மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் அதைக் கவனித்தார். மார்த்தாவிடம் போய் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். அந்த அம்மா திருப்பி ஏதோ கேட்டார். பாய் தன் சட்டைக் காலர் மூலையைத் தொட்டுக் காட்டி விளக்கினார். பிறகு என்னிடம் வந்து, "செல்விம்மா, அந்த மஞ்சத் துண்டு எங்கீங்க?" என்றார்.

வெளிப்பெட்டி மேலே போகாதாம். அவர்கள் ஊர்க் கிடங்கிலேயே கழற்றிப் போட்டுவிடுவார்களாம். அதன் வெளிப்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று மார்த்தா சொல்லிவிட்டார். பெட்டியை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்தோம். நான் டப்பாவைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். பேச்சி அதைத் தண்ணீரில் நனைத்து, பெட்டியின் ஒரு மூலையில் வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மார்த்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நாலு விரலை விரித்துக் காட்டினார். பேச்சிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பொலபொலவென்று அழுதுகொண்டே மற்ற மூன்று மூலையிலும் வைத்தாள். கபூர் பாய் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் நாலு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு வந்த வீடியோவை முதலாளி கேண்டீனில் பெரிய திரையில் போட்டார். ஒரு குழாய் மாதிரி வழியில் ஒவ்வொருவராக நீந்தி வருகிறார்கள். முன்பே இருப்பவர்கள் கட்டிப்பிடித்து வரவேற்கிறார்கள். நாலு பேர் உடம்பிலும் எங்கள் கருநீலம். கேண்டீனில் விசில் பறந்தது. எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பூமியைப் பார்த்தார்கள். நான் சட்டையின் அடிமடிப்பைப் பார்த்தேன். எடையில்லாததால் அது தானாக மேலே எழும்பி உள்பக்கத்தைக் காட்டியது. பூமியில் என்றால் பிசிறு கீழே தொங்கி மறைந்துகொள்ளும். அங்கே அது மறைய முடியாது, நீட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தேன். நாலு பேரிடமும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. "பாத்தியாட்டி, பாத்தியா!" என்று பேச்சியின் தோளில் அடித்தேன்.

அவள் சட்டையைப் பார்க்கவில்லை. "வெறும் புதுசாப் போட்டுட்டு நிக்காவளேக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கொஞ்ச நாளில் அவர்கள் திரும்பினார்கள். சட்டைகள் சொன்னபடியே குப்பையில் சேர்ந்து ஆகாயத்தில் எரிந்திருக்கும். நாங்கள் கிழித்தவை கிழித்ததோடு போயின. திரும்பி வந்த முதல் சாம்பிள்களும் பாய் போட்டுத் தேய்த்ததும் எப்போதோ கழிவுத் துணியோடு போய்விட்டன. அதனால்தான் பிள்ளைகளே, உங்களுக்குக் காட்ட என்னிடம் சாம்பிள் இல்லை. முதலாளி வாசலில் மாட்டிய படம் மட்டும் இருக்கிறது. பேச்சி இன்றைக்கு உட்கார்ந்திருப்பது நான் ஓய்வு பெற்ற நாற்காலியில். அதற்குச் சிபாரிசு செய்தது யார் தெரியுமா? அந்த முதலாளியேதான்.

அவர்கள் இறங்கிய அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். லைன் ஓடிக்கொண்டிருந்தது. கபூர் பாய் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. பேச்சி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"எறங்கீட்டாங்கம்மா" என்றார் பாய்.

"நாலு பேருமா?" என்று கேட்டாள்.

"நாலு பேருமுங்க."

"அப்பச் சரி" என்றாள் பேச்சி. முந்தியால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பாதியில் நின்ற தையலை ஓட்டினாள்.